வடக்கத்தி அம்மா

தேவனாம்பட்டினம்
12-3-1961

அன்புள்ள மச்சானுக்கு,

சக்கரபாணி எழுதுவது. மாசிமகத்துக்கு வந்துவிட்டுப் போனவர்கள் அண்ணாமலை நகர் போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு கார்டு போடக் கூடாதா? புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு மனுஷர்கள் ஞாபகமே அற்றுப்போய்விட்டது. “அண்ணங்கிட்டேருந்து லெட்டர் வந்துதா?” என்று என் வீட்டுக்காரி ராசம்மாள் தினமும் கேட்கிறாள். நான் தினமும் உன்னைத் திட்டுகிறேன். இங்கே எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் நம் இரண்டு பேர் அறைப் பக்கம் மட்டும் மற்றப் பையன்கள் வராமல் இருந்தார்களே, மீன் நாற்றமாம். அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? “வுடு மச்சான், ரூம் நமக்கே விசாலமாச்சு.” அன்று ஆரம்பித்த மச்சான். இத்தனை வருஷமாக வாய்க்கு வந்த உறவாக இருந்ததை இந்த ஆவணியில் நிஜ உறவாக ஆக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். உன் வைத்திலிங்கத்துக்கு என் குணசுந்தரியைக் கொடுக்கிறேன். நெய்வேலியில் வேலை, நல்ல குணம், உன்னை மாதிரி இல்லாமல் கொஞ்சம் பேசவும் பேசுகிறான். பெண்ணுக்கும் சம்மதம்தான். எப்படித் தெரியும் என்கிறாயா? அவனுக்குப் புளி ஒத்துக்கொள்ளாது என்று சாப்பிடும்போது சொன்னாய் அல்லவா? மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு மீன் குழம்பில் புளி கிடையாது. மாங்காய் போட்டுப் பழகுகிறாள். சகிக்கவில்லை. ஆனாலும் சாப்பிடுகிறேன்.

ஒரே ஒரு தொந்தரவு. பரிசம் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வகையறா என்ன என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும். வேறு வேறு வகையறா என்று தெரிந்தால்தான் வெற்றிலையைத் தொடுவார்கள். ஒரே வகையறா என்றால் பங்காளி, பிள்ளைகள் அண்ணன் தங்கை முறையாகிவிடும். “கிள்ளைப் பக்கத்துக் குப்பம்” என்று சொன்னேன். “கிள்ள சரிப்பா. கிள்ளைக்கு எங்கேருந்து வந்தாங்க?” என்கிறார் பெரியவர் பொன்னுரங்கம். நீதான் படிப்பாளி ஆயிற்றே. உன் பூட்டன், அதுதான் பாட்டனுக்கு அப்பன், அவர் யார், எந்த ஊர் என்று தேடிப் பிடித்து எழுது.

உன் மச்சான்,
சக்கரபாணி


அண்ணாமலை நகர்
26-3-1961

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிள்ளையையும் என்னையும் விட்டுச் சின்னம்மாள் போனதிலிருந்து இந்த வீட்டில் நல்ல செய்தி என்று ஒன்று வந்து ரொம்ப நாளாயிற்று. வைத்திலிங்கம் ஞாயிற்றுக்கிழமை வந்தான். உன் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு, “மாங்கா போட்டா நல்லாத்தாம்பா இருக்கும்” என்று மட்டும் சொன்னான். அது சம்மதம்தானே?

சென்ற மாதம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். பிள்ளை நெய்வேலியில் இருக்கிறான் என்றதும், அவனை அங்கே எழுதுவார்கள் என்று சொல்லி எனக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டு போனார்கள். அதிலிருந்து மனசு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நீ கேட்டதும் சாக்காயிற்று. நூலகத்தில் 1871, 1881 கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூட இல்லை, மச்சான். தாலுகா, ஊர், வீடு, ஆண், பெண், அவ்வளவுதான். வெறும் தலைகள். இரண்டு புத்தகத்துக்கும் நடுவில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்து போயிருக்கிறது. எத்தனையோ ஊர்களில் எண்ணிக்கை இறங்கிக் கிடக்கிறது. செத்தவர்கள் எத்தனை, ஊரைவிட்டு ஓடினவர்கள் எத்தனை என்று யார் கண்டது?

என் பூட்டனார் பெயர் சடையப்பன். அந்தப் பஞ்ச காலத்தில் ஒரு கட்டுமரத்தில் தனியாக வந்து பிச்சாவரம் கழிமுகத்தில் கரையேறினாராம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், “கடலு” என்பாராம். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாராம். குப்பத்திலேயே பெண் கட்டி, அங்கேயே செத்தார். என் அப்பா சொல்லி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. கல்யாணத்துக்கு முதல் நாள் நாம் எல்லோரும் பூவாடைக்காரியைக் கூப்பிடுகிறோம் அல்லவா? குடும்பத்தில் தாலியோடு போய்ச் சேர்ந்த பெண்ணின் பெயரைச் சொல்லி, கரையிலிருந்து கரகத்தில் அழைத்து வருவோம். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரிக்குப் பெயர் கிடையாது. “வடக்கத்தி அம்மா” என்றுதான் கூப்பிடுவோம். சடையப்பன் ஆரம்பித்து வைத்தது. யார் என்று அவர் சொல்லவே இல்லையாம். மஞ்சளும் பூவும் ரவிக்கைத் துணியும் வைத்து வடக்கே பார்த்து இலை போடுவாராம். அன்றைக்கு மட்டும் அவர் சாப்பிட மாட்டாராம். சின்ன வயசில் எனக்கு இது விசித்திரமாக இருக்கும். உங்கள் வீட்டில் யாரைக் கூப்பிடுகிறீர்கள்?

தேடுகிறேன். நேரம் கொடு.

அன்புடன்,
நடனசபாபதி


தேவனாம்பட்டினம்
4-4-1961

அன்புள்ள மச்சானுக்கு,

பிள்ளை சொன்னதைக் குணசுந்தரிக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பங்கரைக்குள் ஓடிப் போனவள் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. இந்தக் கவரில் விலாசம் எழுதியிருப்பது அவள்தான். என் கோழிக் கிறுக்கலுக்கு இது எவ்வளவோ தேவலை.

எங்கள் பூவாடைக்காரியைப் பற்றிக் கேட்டாய். கேட்டாயே ஒரு கேள்வி! தேவனாம்பட்டினத்தில் யாரை நிறுத்தினாலும் அஞ்சம்மாள் கதையைச் சொல்வார்கள். என் பூட்டனார் சின்னையன், அவருக்கு அப்பா உத்திராபதி. ‘கடலில் போன சின்னையன் வகையறா’ என்பதுதான் எங்களுக்குப் பெயர். உன் தாது வருஷத்தில்தான் அவரும் போனார். பஞ்ச காலம். தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் பெண்டாட்டி அஞ்சம்மாள், கையில் பால்குடி மறக்காத பிள்ளை. அந்தப் பிள்ளைதான் என் பாட்டன் சுப்புராயன்.

ஊர் கூடி, வைக்கோலில் உருவம் கட்டிக் கொளுத்திவிட்டு, தாலி அறுக்க வந்தார்களாம். அஞ்சம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? மீன் அரியும் அருவாமணையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். “பொணத்தக் காட்டு, கழட்டுறேன். காட்டாம எவனாவது கிட்ட வந்தீங்க, அரிஞ்சுடுவேன்.” ஒருத்தன் கிட்டே போகவில்லை. அப்புறம் சாகிறவரைக்கும் பொட்டோடும் பூவோடும் மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்குக் கூடை சுமந்தாள். எதிரே வருகிறவன் காறித் துப்பிவிட்டுப் போவானாம். நல்ல காரியம் எதற்கும் கூப்பிட மாட்டார்களாம். தாலியோடுதான் செத்தாள். “எங்கம்மா சுமங்கலிதான்” என்று பாட்டன் ஊரோடு மல்லுக்கட்டி அவளைப் பூவாடைக்காரி ஆக்கினார். அவள் சேலை இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. அவளைக் கூப்பிடாமல் எங்கள் வீட்டில் தாலி ஏறாது.

சின்னையனுக்கு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான்தான் கரையில் இலை போடுகிறேன். கடலில் உயிரை விட்ட மனுஷன் அல்லவா!

பூவாடைச் சோறு பங்காளிகளுக்கு மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும். நீ சம்பந்தி. ஒரு பருக்கை கிடைக்காது. வாசலில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொள்.

உன் மச்சான்,
சக்கரபாணி


அண்ணாமலை நகர்
10-5-1961

அன்பு மச்சானுக்கு,

அவசரத்தில் இந்தக் கார்டு. சடையப்பன் குப்பத்தில் மனைக்கட்டு வாங்கினார் என்று அப்பா சொன்னது திடீரென்று ஞாபகம் வந்தது. வாங்கினால் பத்திரம் இருக்க வேண்டும். பத்திரம் இருந்தால், இன்ன ஊர் இன்னார் குமாரன் என்று எழுதாமல் இருக்க மாட்டார்கள். சிதம்பரம் ரிஜிஸ்தர் ஆபீசில் நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். ஜனக்கணக்கில் வெறும் தலையாக இருந்தவருக்கு ஓர் ஊரும் தகப்பனும் கிடைக்கப் போகிறார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நகல் கைக்கு வந்த அன்றே எழுதுகிறேன்.

நடனசபாபதி


தேவனாம்பட்டினம்
20-6-1961

நடனசபாபதிக்கு,

‘அன்றே எழுதுகிறேன்’ என்று எழுதின மனுஷன் எங்கே? ஆனி பிறந்தாயிற்று. இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. போன வாரம் தாலுகா ஆபீஸ் வேலையாகச் சிதம்பரம் வந்த நம் கோவிந்தசாமி உன்னைக் கீழவீதியில் பார்த்தானாம். கூப்பிடக் கூப்பிட நீ காது கேட்காத மாதிரி சந்துக்குள் நுழைந்து போய்விட்டாயாமே!

பெண் பிடிக்கவில்லையா? சொல்லித் தொலை. வேறு பெரிய இடம் வந்திருக்கிறதா? அதையும் சொல்லித் தொலை. ஊர் வாயில் என் பெண்ணைப் போட்டு மெல்ல விட்டுவிட்டு நீ அங்கே புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாய். குணசுந்தரி ஒன்றும் கேட்கவில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு மட்டும் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாளவில்லை.

சக்கரபாணி


அண்ணாமலை நகர்
28-6-1961

என் அன்பு சக்கரபாணிக்கு,

உன்னை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெயரைப் போட்டிருக்கிறேன். நீ திட்டினதெல்லாம் நியாயம். இன்னும்கூடத் திட்டலாம். நகல் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது.

மனைக்கட்டு வாங்கினவர் பெயரை இப்படி எழுதியிருக்கிறார்கள்: “தென்னாற்காடு ஜில்லா கடலூர் தாலுகா தேவனாம்பட்டினம் உத்திராபதி குமாரன் சின்னையன் என்கிற சடையப்பன்.”

நீ இந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படிப்பாய் என்று தெரியும். நானும் அப்படித்தான் படித்தேன். ஒரே ஊரில் உத்திராபதி இரண்டு பேர் இருக்கக் கூடாதா, சின்னையன் இரண்டு பேர் இருக்கக் கூடாதா என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். மனசு கேட்காமல் குப்பத்துக்குப் போய் ரத்தினம்மாள் அத்தையைப் பார்த்தேன். அப்பாவோடு பிறந்தவர்களில் அவர் ஒருத்தர்தான் மிச்சம். எதையும் காட்டிக்கொள்ளாமல், வடக்கத்தி அம்மா யார் அத்தை என்று கேட்டேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அது தாத்தாவுக்கு மொதல்ல கட்டுனவ. வடக்கேருந்து யாவாரி ஒருத்தன் வந்து, ஒம் பொண்டாட்டி தாலியோட போயிட்டாய்யான்னு சொன்னானாம். தாத்தா அன்னிக்கு முச்சூடும் கரையிலயே குந்திக்கிட்டு இருந்தாராம். அடுத்த அமாவாசைக்குத்தான் எல போட ஆரமிச்சாராம். எங்கம்மா எனக்கு மட்டும் சொன்னிச்சு. பேரு அஞ்சம்மாவோ அஞ்சலையோ.”

சக்கரபாணி, சின்னையன் கடலில் சாகவில்லை. வயிற்றுக்குப் பயந்து ஓடினாரா, வேறு எதற்குப் பயந்தாரா, அது எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் இங்கே மனை வாங்கி, பெண் கட்டி, பிள்ளை பெற்ற காலத்தில் அங்கே அஞ்சம்மாள் மேல் ஊர் காறித் துப்பிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதுதான் நிஜம். அவள் புருஷன் உயிரோடு இருந்தான். அவளுக்கு முன்னால் சாகவும் இல்லை.

நீ முதல் தாரத்துப் பேரனின் பிள்ளை. நான் இரண்டாம் தாரத்துப் பேரனின் பிள்ளை. ஒரே ஆள் நம் இருவருக்கும் பூட்டன். நாம் மச்சான் இல்லை, பங்காளி. நம் பிள்ளைகள் என்ன முறை என்று நான் எழுத வேண்டாம்.

வைத்திலிங்கத்துக்கு இன்னும் சொல்லவில்லை. அவன் பரிசத்துக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறான்.

நடனசபாபதி


தேவனாம்பட்டினம்
1-7-1961

மச்சானுக்கு,

ஆமாம், மச்சான்தான். சாகிறவரைக்கும் அப்படித்தான் எழுதுவேன்.

அந்த நகலைக் கிழித்து அடுப்பில் போடு. பாவி, அவன் செத்த இடத்தில் புல் முளைத்து, அந்தப் புல்லும் காய்ந்தாயிற்று. இன்றைக்கு எழுந்து வந்து என் பெண்ணின் கழுத்தில் கை வைக்கிறானா? அஞ்சம்மாள் வாழ்க்கையைக் கெடுத்தது போதாதா அவனுக்கு? நாலு தலைமுறை ஆகிவிட்டது. அவன் ரத்தத்தில் எத்தனை ரத்தம் கலந்தாயிற்று. உனக்கும் எனக்கும் மூக்கு ஒரே மாதிரியா இருக்கிறது? உன் மூக்கு எங்கே, என் மூக்கு எங்கே!

உன் அத்தைக்குத் தேவனாம்பட்டினம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. எனக்கும் உனக்கும்தான் தெரியும். இரண்டு பேரும் வாயை மூடினால் விஷயம் செத்தது. பொன்னுரங்கத்திடம் ‘பிச்சாவரத்துச் சடையப்பன் வகையறா’ என்று சொல்லிவிட்டேன். ஆனி இருபத்தாறு, திங்கட்கிழமை பரிசம். பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து சேர். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ராசம்மாளுக்கு மூக்கில் வேர்க்கும்.

தேடச் சொன்னவன் நானே. என் வாயில் கொள்ளியை வைக்க.

சக்கரபாணி


அண்ணாமலை நகர்
12-7-1961

அன்பு சக்கரபாணிக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தோம். பரிசம் குறைவில்லாமல் நடந்தது. “என்ன வகையறா?” என்று பொன்னுரங்கம் என்னைப் பார்த்துக் கேட்டார். நீ முந்திக்கொண்டு, “சடையப்பன் வகையறா” என்று சத்தமாகச் சொன்னாய். அது பொய்யும் இல்லை. அவரும் தலையாட்டிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

என்னால் உனக்கு இடைஞ்சல் வராது. உன் இஷ்டப்படியே நடக்கட்டும். பஸ்ஸில் வரும்போது வைத்திலிங்கம் பாட்டாக முணுமுணுத்துக்கொண்டு வந்தான். சின்னம்மாள் போன பிறகு அவன் வாயில் பாட்டுக் கேட்டதே இல்லை. அந்த வாயை அடைக்க எனக்குத் தைரியம் கிடையாது. நகலைக் கிழிக்கவில்லை. ஆனால் யாருக்கும் காட்ட மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்கு முதல் நாள் நீ அங்கே கரையில் நின்று அஞ்சம்மாளைக் கூப்பிடுவாய். அதே பொழுதுக்கு நான் இங்கே வடக்கத்தி அம்மாவைக் கூப்பிடுவேன். பெண் வீட்டுக்காரி என்று நீ அழைப்பாய், பிள்ளை வீட்டுக்காரி என்று நான் அழைப்பேன். அவள் ஒருத்தி. எந்த வீட்டுக்கு வருவாள்?

நடனசபாபதி


தேவனாம்பட்டினம்
12-8-1961

நடனசபாபதிக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் ஒரு மாசம் ஓட்டினேன். நேற்று ஆடி அமாவாசை. கிரகணம் வேறு. வழக்கம்போல் இலையும் சோறும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். சுற்றிலும் ஊரே அவரவர் வீட்டில் போனவர்களுக்குப் படைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை வரவில்லை. யாருக்கு இந்த இலை? இத்தனை வருஷமாக, கடலில் மூச்சுத் திணறிச் செத்தான் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன், தெரியுமா? சின்ன வயசில் அலையைப் பார்த்தாலே அவர் கை தெரிகிற மாதிரி இருக்கும். அவன் அங்கே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். இலையைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ராசம்மாள் பெட்டியைத் திறந்து அஞ்சம்மாள் சேலையைக் காற்றாட விரித்துப் போட்டிருந்தாள். “பத்து நாள்ல பூவாடை வருது, மடிச்ச எடத்துல இத்துப்போவுது பாருங்க” என்றாள். மஞ்சள் ஏறிப்போன சேலை. எனக்கு அதைப் பார்த்து நிற்க முடியவில்லை, நடனசபாபதி. ஊரே பொய் என்று சொன்னபோது தனியாக அருவாமணையோடு உட்கார்ந்து நிஜத்தைச் சொன்னவள். அவளை அழைத்து வீட்டுக்குள் உட்கார வைத்து, அவள் முன்னாலேயே ஒரு பொய்யை வைத்துத் தாலி கட்டச் சொல்வதா? அவள் புருஷன் ஏமாற்றினான், ஊர் ஏமாற்றியது. பேரன் பிள்ளை நானுமா ஏமாற்றுவேன்? என்னால் ஆகாது.

அம்மாவையும் பெண்ணையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குணசுந்தரி அழவில்லை. சேலையை மெதுவாக மடித்துக்கொண்டே, “அப்ப அவுங்க எனக்கு அண்ணனாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மடித்து முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொன்னுரங்கத்திடம் போய் வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தேன். காரணத்தையும் சொன்னேன். ஊர் இனி ஒரு வருஷம் இதையே பேசும். பேசட்டும்.

வைத்திலிங்கத்திடம் நீதான் சொல்ல வேண்டும். என்னால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. நீயும் கொஞ்ச நாள் எழுதாதே.

இன்றைக்குக் குழம்பில் புளி இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

சக்கரபாணி


தேவனாம்பட்டினம்
7-2-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி சக்கரபாணி எழுதுவது. இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு ஆறு மாசம் பிடித்திருக்கிறது. நீ என்னைவிட நாலு மாசம் பெரியவன் என்று ஹாஸ்டலில் பீற்றிக்கொள்வாயே, இப்போது சந்தோஷம்தானே?

எட்டுக் கிரகம் ஒன்றாகச் சேர்கிறது, உலகம் அழியப்போகிறது என்று போன வாரம் முழுக்க ஊரில் யாகமும் பஜனையும். அழியவில்லை. ஆகவே கல்யாணம் வைத்திருக்கிறோம். மாசி பத்து, வியாழக்கிழமை. மாப்பிள்ளை புதுச்சேரிப் பக்கம், மில்லில் மேஸ்திரி. விசாரித்த வரைக்கும் நல்ல மாதிரி. வகையறாவைப் பொன்னுரங்கமே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். குணசுந்தரியிடம் கேட்டேன். “ஒங்க இஷ்டம்பா” என்றாள்.

பத்திரிகை தனியாக வரும். இது பத்திரிகை இல்லை. இது வேறு. பூவாடை அழைக்கப் பங்காளிகள் எல்லோரும் கரையில் நிற்க வேண்டும். எங்கள் வகையறாவில் இருக்கிற மூத்த ஆண்பிள்ளை இப்போது நீ. கரகத்தை நீதான் எடுக்க வேண்டும். அஞ்சம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட உன் வீட்டுக்கும் பாத்தியதை உண்டு. இத்தனை வருஷம் பெயர் தெரியாமல் கும்பிட்டவர்கள் நீங்கள். அவளுக்கும் தெரியட்டும், ஓடிப்போனவன் வீட்டிலும் தனக்கு ஓர் இலை விழுந்தது என்று. பூவாடைச் சோற்றில் உனக்கும் உன் பிள்ளைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. கேட்கக் கூடாததுதான். எனக்கு ஆண் பிள்ளை கிடையாது. கல்யாணப் பெண்ணின் கையில் பொரி போடக் கூடப்பிறந்தவன் வேண்டும். யாராவது ஒரு பையனை நிறுத்திக்கொள்ளலாம் என்று ராசம்மாள் சொன்னாள். குணசுந்தரிதான், “மொற உள்ளவரு இருக்கும்போது வேற யாரும் எதுக்கு?” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. கோபமா, வேறு எதுவுமா, பெற்றவனுக்கே விளங்கவில்லை. அவள் சொன்னதை எழுதிவிட்டேன். அவன் வரவில்லை என்றால் யாரும் குறையாக நினைக்க மாட்டோம்.

தம்பி,
சக்கரபாணி


அண்ணாமலை நகர்
14-2-1962

அன்புள்ள தம்பிக்கு,

முதல் நாளே வந்துவிடுகிறேன். கரகத்தை எடுக்கிறேன். ரத்தினம்மாள் அத்தையும் வருகிறேன் என்கிறார். வடக்கத்தி அம்மாவுக்கு என்று ஒரு மஞ்சள் சேலை வாங்கி வைத்திருக்கிறார். அதையும் அந்தப் பெட்டியில் வைத்துக்கொள்ள இடம் கொடு.

வைத்திலிங்கத்திடம் உன் கடிதத்தைக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். மேஜை மேல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் படித்துக்கொண்டிருந்தான். ஆடியிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவான், துணி துவைப்பான், போவான். ஒரே ஒரு தடவை, “எதுக்குப்பா தேடுன?” என்று கேட்டான். ஜனக்கணக்குப் புத்தகத்தில் ஓர் ஊரில் ஒரு தலை குறைந்தது, இன்னோர் ஊரில் ஒரு தலை கூடியது. அந்தத் தலைக்கு ஒரு பெயர் தேடினேன். அந்தப் பெயர் அவனுடைய வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

கடிதத்தை மடித்து வைத்தான். அப்புறம் பெட்டியைத் திறந்து, பரிசத்துக்கு எடுத்த அந்த வேட்டியை வெளியே எடுத்தான். “லீவு சொல்லிட்டு வரேன்” என்றான். வேண்டாம்பா, அவசியம் இல்லை என்றேன். “பொரி யாராவது போடத்தானே வேணும்” என்றான். அவன் சாப்பாட்டுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்று உன் வீட்டில் சொல்லிவிடு. புளி போட்ட குழம்பே போதுமாம்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, “பொரி எப்படிப்பா போடணும்?” என்று கேட்டான். அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவாள், நீ அள்ளி அதில் போடு, அவள் நெருப்பில் போடுவாள் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“கை பட்டுடுமேப்பா.”

“படலாம்ப்பா. நீ அண்ணந்தானே” என்றேன்.

அண்ணன்,
நடனசபாபதி